புல் கருகினால் நிவாரணம்: அமெரிக்க நாட்டின் ஏற்பாடு

வெள்ளத்திலோ புயலிலோ மாடு இறந்தால் நிவாரணம் வழங்குவது பல நாடுகளிலும் உள்ள வழக்கமாகும். மாடு உயிரோடு நிற்க, அது மேயவேண்டிய புல் மட்டும் கருகிப்போனால் அதற்கும் நிவாரணம் உண்டா என்று கேட்கலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உண்டு. அவ்வேற்பாட்டின் விவரங்கள் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறியத்தக்கவை.

டெக்சாஸ், நெப்ராஸ்கா, மான்டானா முதலிய மாநிலங்களில் பரந்த புல்வெளிகளை நம்பி ஆயிரக்கணக்கான பண்ணையாளர்கள் மாடு வளர்க்கின்றனர். மழை பொய்த்தால், விலை கொடுத்துத் தீவனம் வாங்கவேண்டும்; அல்லது ஈனும் பசுக்களை விற்கவேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க முனைந்தால் விலை சரிந்துவிடும். விற்ற மந்தையை மீண்டும் உருவாக்குவதோ எளிதன்று. பிறந்த கிடாரி முதற்கன்று ஈனவே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். தாய்ப்பசு சந்தைக்குப் போகாமல் தடுப்பதிலேதான் இத்திட்டத்தின் பயன் அடங்கியிருக்கிறது எனலாம்.

2008-ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தில் பிறந்த இத்திட்டத்தை விவசாய இலாகாவின் உள்ளூர் அலுவலகங்கள் நடத்துகின்றன. புல் கருகியதா என்று பண்ணை பண்ணையாகச் சென்று பார்த்து அதிகாரிகள் முடிவு செய்வதில்லை. 1999 முதல் வாரந்தோறும் வியாழக்கிழமையன்று வறட்சி வரைபடம் ஒன்று வெளியாகிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வறட்சி ஆய்வு மையமும் மத்திய அரசின் விவசாய, வானிலைத் துறைகளும் சேர்ந்து இதனைத் தயாரிக்கின்றன. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மேய்ச்சல் பருவத்தில் ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஏதேனும் ஒரு பகுதியில் கடும் வறட்சி தொடர்ந்து 8 வாரங்கள் நீடித்தால் ஒரு மாத உதவி உண்டு. அதனினும் கொடிய வறட்சி என வரைபடம் காட்டினால் 3 மாதம், மிக மோசமான நிலையில் 5 மாதம் வரை உதவி கிடைக்கும்.

தொகையைக் கணக்கிடும் முறை கவனிக்கத்தக்கது. வளர்ந்த இறைச்சி மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 15.7 பவுண்டு, அதாவது சுமார் 7 கிலோ, மக்காச்சோளத்தின் விலை தீவனச் செலவாகக் கொள்ளப்படுகிறது. ஆட்டுக்கு இதில் கால் பங்கு. மந்தை முழுவதற்குமான மாதச் செலவு ஒரு கணக்கு. அந்நிலம் சாதாரணமாக எத்தனை மாடுகளைத் தாங்கும் என்பது மற்றொரு கணக்கு. இவ்விரண்டில் எது குறைவோ அதில் 60 சதவீதமே வழங்கப்படும். 80 மாடுகளைத் தாங்கும் நிலத்தில் 100 மாடுகளை விட்டவருக்கு 80 மாடுகளுக்கே உதவி. அளவுக்கு மீறி மேய்ப்பவருக்குச் சர்க்கார் பணம் ஊக்கமாகிவிடக் கூடாதல்லவா? கொட்டிலில் அடைத்துக் கொழுக்கவைக்கும் மாடுகளுக்கு இதில் இடமில்லை. வறட்சியால் முன்னரே விற்ற மாடுகளுக்குக் குறைந்த வீதத்தில் உதவி உண்டு. ஒருவருக்கு ஆண்டிற்கு 1,25,000 டாலர் உச்சவரம்பு.

குறையும் இல்லாமலில்லை. கவுண்டியின் ஒரு மூலை காய்ந்தால், மழை பெய்த மறுமூலைக்காரரும் தகுதி பெறுகிறார். எல்லைக்கு அப்பால் காய்ந்து நிற்பவர் விடுபடக்கூடும். ஆயினும் மனு, சிபாரிசு, தணிக்கை என்று மாதங்கள் கழிவதைவிட இம்முறை மேலானது என்பதே கிராமப் பணியில் ஈடுபட்டுள்ள என் கருத்து. பண்ணையாளர் காட்டவேண்டியவை மாடுகளின் எண்ணிக்கை, நிலத்தின் பரப்பு, குத்தகை நிலமாயின் அதற்குரிய சான்று ஆகியவையே.

சட்டம் தொடர்ந்து அமலில் இருப்பது எவ்வளவு அவசியம் என்பதை டெக்சாஸ் மக்கள் அனுபவித்து அறிந்தனர். 2008-ஆம் ஆண்டு ஏற்பாடு 2011 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு காலாவதியாயிற்று. அவ்வாண்டில்தான் அங்கே வரலாறு காணாத வறட்சி; 2012-இல் அது நாட்டின் நடுப்பகுதிக்கும் பரவிற்று. 2014-இல் நிறைவேறிய சட்டம் திட்டத்தை நிரந்தரமாக்கி, 2011 அக்டோபர் முதல் ஏற்பட்ட நஷ்டத்திற்கும் பணம் தந்தது. ஆனால் விண்ணப்பம் பெறத் தொடங்கிய 2014 ஏப்ரலுக்குள் எத்தனையோ தாய்ப்பசுக்கள் விற்பனையாகிவிட்டன. அவ்வாண்டுத் தொடக்கத்தில் அந்நாட்டு மாடுகளின் எண்ணிக்கை 1951-க்குப் பின் அதுவரை காணாத அளவுக்குக் குறைந்திருந்தது. கடும் வறட்சிக்கான 8 வாரக் காத்திருப்பை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 4 வாரமாகக் குறைத்துள்ளது.