51 என்ற எண்ணை யார் பார்த்தது?

2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்பது 2018 உயிரி எரிபொருள் கொள்கை வைத்த இலக்கு. கெடு நெருங்க நெருங்க, கடையநல்லூர் வழியாகக் கொல்லம் சாலையில் லாரி ஓட்டுபவர்களின் கடிதங்கள் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: இன்ஜின் ஒழுங்காகப் பற்றுமா?

பற்றும் தரத்துக்குத்தான் செட்டேன் எண் என்று பெயர். அதை அளக்கும் விதம் அருமையானது. நிமிடத்துக்கு 900 சுற்று ஓடும் ஒற்றை சிலிண்டர் சோதனை இன்ஜினில், பிஸ்டன் உச்சிக்கு வரச் சுழல்தண்டு இன்னும் 13 டிகிரி சுழல வேண்டியிருக்கும்போது டீசல் பீய்ச்சப்படும். பிஸ்டன் உச்சியைத் தொடும் கணத்தில் அது பற்ற வேண்டும். இடைவெளி சுமார் 2.4 மில்லி விநாடி. அப்படிப் பற்றும்வரை கைச்சக்கரத்தைத் திருகி அழுத்தத்தை மாற்றுகிறார்கள். சோம்பலான டீசலுக்கு அதிக அழுத்தம் தேவை.

பிறகு, சட்டெனப் பற்றும் செட்டேனையும் (100) மெதுவாகப் பற்றும் ஹெப்டாமெத்தில்நோனேனையும் (15) கலந்து, நம் டீசலைவிடச் சற்று மேலான கலவை ஒன்று, சற்றுக் கீழான கலவை ஒன்று என ஓட்டிப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நம் டீசல் நிற்கும் இடமே அதன் எண். ஆகவே செட்டேன் எண் 51 என்றால் டீசலில் 51 சதவீதம் செட்டேன் இருக்கிறது என்று பொருளல்ல. ஏறக்குறைய 42 சதவீதம் செட்டேன் உள்ள கலவையைப் போல அது பற்றுகிறது, அவ்வளவே.

உறுத்துவது இன்னொன்று. டீசலுக்கான ஐ.எஸ். 1460 தரம் குறைந்தது செட்டேன் எண் 51, செட்டேன் குறியீடு 46 என இரண்டைக் கேட்கிறது. குறியீடு என்பது அடர்த்தியையும் கொதிக்கும் வெப்பநிலைகளையும் வைத்துப் போடும் கணக்கு. இன்ஜினையே ஓட்டாத கணக்கு! செட்டேனைக் கூட்டும் வேதிப்பொருள் சேர்த்தால் எண் உயரும், குறியீடு அசையாது. கச்சா எண்ணெய் டீசலுக்காக வகுத்த அந்தச் சூத்திரத்தைப் பயோடீசல் கலவைக்கும் நம்பிவிட முடியாது. "தரம் சரி" என்று அதிகாரிகள் சொன்னால், எந்த அளவை வைத்து என்று கேட்க வேண்டும்.

இதையொட்டி எழும் மற்றக் கேள்விகள் இவை. பயோடீசல் கலந்தால் எண் குறையுமா? பயோடீசலின் ஐ.எஸ். 15607 தரமும் குறைந்தது 51 கேட்கிறது. தரமான பயோடீசலால் 51-க்குக் கீழே போகாது.

பெட்ரோலின் ஆக்டேனும் செட்டேனும் ஒன்றா? நேர் எதிர், டீசலில் பெட்ரோல் கலந்தால் செட்டேன் விழும்.

எண் கூடினால் மைலேஜ் கூடுமா? விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை.

பங்க்கில் சோதிக்கலாமா? அடர்த்தியைப் பார்க்கலாம், கேட்பது உங்கள் உரிமை. செட்டேனைப் பார்க்க முடியாது. அடர்த்தியை எழுதி வைக்கும் பலகையிலேயே, இன்ஜினில் அளந்த செட்டேன் எண்ணையும் எண்ணெய் நிறுவனங்கள் எழுத வேண்டும்.