பிறப்பு முதல் தொடரும் ஆய்வுகள்: பெற்றோர் அறிய வேண்டியவை

ஒரே காலகட்டத்தில் பிறந்தவர்களை ஒரு குழுவாகக் கொண்டு, அவர்களது வளர்ச்சியையும் உடல்நலத்தையும் பல்லாண்டுகள் தொடர்ந்து பதிவு செய்வது பிறப்புக் குழு ஆய்வு எனப்படும்.

இதன் பயன் என்ன?

புது டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளின் உயரமும் எடையும் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளக்கப்பட்டன. அவர்களுள் 1,492 பேர் 26 முதல் 32 வயதில் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். சர்க்கரை நோயோ அதன் முந்தைய நிலையோ காணப்பட்டவர்கள், பொதுவாக இரண்டு வயது வரை மெலிந்திருந்து, பின்னர் உயரத்தை மிஞ்சிய வேகத்தில் எடை கூடியவர்கள். ஆயினும் 12 வயதில் அவர்களுள் எவருக்கும் உடற்பருமன் இல்லை. ஒருமுறை மட்டும் எடை பார்த்திருந்தால் இது புலப்பட்டிருக்காது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அதே காலத்தில் பிறந்தவர்களை இவ்வாறு தொடர்ந்து ஆய்ந்து வருகிறது.

இதில் உள்ள இடர்கள்

• தொடர்பு அறுதல்: வேலை, திருமணம், பேரிடர் ஆகியவற்றால் குடும்பங்கள் இடம்பெயர்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கடலோரக் குடும்பங்கள் பல, புதிய குடியிருப்புகளுக்கு மாறின. இத்தகையோர் விடுபட்டால், எஞ்சியோரின் நிலையே அனைவரின் நிலையாகத் தோன்றிவிடும்.
• காலமாற்றம்: 1970-இல் பிறந்தவரின் உணவும் உழைப்பும் இன்றைய குழந்தைக்கு இல்லை. ஒரு மாற்றம் வயதால் வந்ததா, காலத்தால் வந்ததா என அறிய, வெவ்வேறு காலங்களில் பிறந்த குழுக்களை ஒப்பிட வேண்டும்.
• அளவீடு: கருவியும் முறையும் மாறினால் பழைய பதிவோடு ஒப்பிட இயலாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• தாய் சேய் நல அட்டையையும் பிக்மி எண்ணையும் பாதுகாத்து வையுங்கள்.
• அங்கன்வாடியில் எடை, உயரம் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள்.
• வீடு மாறினால் கிராம சுகாதார செவிலியரிடம் தெரிவியுங்கள்.
• ஆய்வில் சேருமாறு கேட்கப்பட்டால், விளக்கம் பெற்ற பின்னரே ஒப்புதல் அளியுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

கவனத்திற்கு

ஆய்வு முடிவுகள் ஒரு குழுவின் போக்கைக் காட்டுபவை. உங்கள் குழந்தையின் எதிர்காலத்தை அவை தீர்மானிப்பதில்லை. எடை கூடும் என அஞ்சி மெலிந்த குழந்தையின் உணவைக் குறைக்காதீர்கள். ஐயம் இருப்பின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அணுகுங்கள் அல்லது 104 எண்ணை அழையுங்கள்.