பொயிலரின் தண்ணீர் எங்கே போகிறது?

குளிர்காலம் பிறந்துவிட்டால் லண்டனில் உள்ள எமது கடைக்காரர் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். “பொயிலர் பிறஷர் விழுந்திட்டுது, பொறுங்கோ, கொஞ்சம் தண்ணி விட்டிட்டு வாறன்.” தண்ணீரை விட்டதும் முள் ஏறும், றேடியேற்றர் சுடும், கடை திறக்க ஓடிவிடுவோம். மூன்று நாளில் முள் மறுபடியும் கீழே நிற்கும். இதை ஒரு பழுதாக யாரும் எடுப்பதில்லை. நாமும் எடுக்கவில்லை. அதற்கு நாம் கொடுத்த விலை 31 மூடை அரிசி.

எமது மொத்த விற்பனை நிலையம் கிழக்கு லண்டனில். மேல்மாடியில் அப்போது நாமே குடியிருந்தோம். 2010 மார்கழி மாதக் கடுங்குளிரை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பொயிலருக்குத் தண்ணீர் விடத் தொடங்கினோம். தைப்பொங்கலுக்குப் பிறகு புதன்கிழமையும் விடவேண்டி வந்தது. மாசியில் அது நாளாந்த வேலையாயிற்று. “ஆரையும் கூப்பிட்டுக் காட்டுங்கோவன்” என்று வீட்டில் சொல்லியும், பங்குனி பிறந்தால் குளிர் குறைந்துவிடும் என்று தள்ளிப்போட்டோம். காபற்றில் ஈரமில்லை, சுவரில் கறையில்லை, ஆகவே பயமும் இல்லை. கடைசியில் கீழே சுவரோரம் அடுக்கியிருந்த அரிசி மூடைகளை நகர்த்தியபோது பூஞ்சண மணம் வந்தது. மேலே குளியலறைத் தரைப் பலகைக்கு அடியில் செப்புக் குழாய்ப் பொருத்து ஒன்று கசிந்து, தண்ணீர் மரச்சட்டத்தின் வழியே பத்தடி தூரம் ஓடிச் சுவரோடு இறங்கியிருக்கிறது.

காப்புறுதி நிறுவனம் கேட்ட முதற் கேள்வி, அமுக்கம் குறைவதை எப்போது முதன்முதலில் கவனித்தீர்கள் என்பது. மார்கழியில் என்று உண்மையைச் சொன்னோம். படிப்படியாக நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்று பதில் வந்தது. பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. கடைக்காரர்கள் தங்கள் பத்திரத்திலும் அந்தப் பகுதியை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

இப்போது நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது கொம்பி பொயிலர். அதன் ஹீற்றிங் தண்ணீர் ஒரு மூடிய சுற்று. பொயிலரில் சூடாகி, குழாய் வழியே றேடியேற்றர்களுக்குப் போய், திரும்பி வரும் அதே தண்ணீர்தான் வருடக்கணக்காக ஓடுகிறது. குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் வரும் சுடுதண்ணீர் வேறு. ஆகவே ஹீற்றிங் தண்ணீர் செலவாக வழியில்லை. முள் தொடர்ந்து விழுகிறதென்றால் தண்ணீர் எங்கேயோ வெளியே போகிறது, அல்லது பொயிலருக்குள் காற்று அடைத்த குடுவை கெட்டிருக்கிறது. கடையில் இருப்புக் குறைந்தால் களவா, கணக்குப் பிழையா என்று தேடாமல் புதுச் சரக்கு வாங்கி அடுக்குகிறோமா? பொயிலருக்கு மட்டும் அதைத்தான் செய்கிறோம்.

அடிக்கடி புதுத் தண்ணீர் விடுவதில் இன்னொரு கேடும் உண்டு. புதுத் தண்ணீரோடு ஒட்சிசன் உள்ளே போகிறது. றேடியேற்றரின் இரும்பு துருப்பிடித்துக் கறுப்புச் சேறாகிறது. துருப்பிடிக்காமல் இருக்க ஊற்றிய மருந்தும் ஐதாகிவிடுகிறது. லண்டன் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது என்பது கேத்தில் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சுண்ணாம்பும் ஒவ்வொரு தடவையும் உள்ளே சேர்கிறது.

முதலில் முள்ளைப் படிக்கப் பழகவேண்டும். பொயிலர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை நிற்பது சரி. சூடானதும் சற்று ஏறும், 2 பார் வரை போனாலும் பயமில்லை. 0.5 பாருக்குக் கீழே போனால் பல பொயிலர்கள் தாமாகவே நின்றுவிடும். பொயிலர் கீழே கடையின் பின்னறையிலும் றேடியேற்றர் மூன்றாம் மாடியிலும் இருந்தால் உயரத்தையும் கணக்கிற் கொள்ளவேண்டும். 10 மீற்றர் உயரத் தண்ணீருக்கு ஏறத்தாழ 1 பார் வேண்டும்.

ஆறியபோது 1.2 இல் நின்ற முள், சூடேறியதும் 3 ஐத் தொட்டு, மறுபடி ஆறியதும் பூச்சியத்துக்கு வருகிறதா? அப்படியானால் குழாய்களைத் தேடி அலையவேண்டாம். தண்ணீர் சூடானால் பெருக்கும். 100 லீற்றர் தண்ணீரை 10 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ 3 லீற்றர் கூடும். அந்த 3 லீற்றருக்கு இடம் கொடுக்கவே பொயிலருக்குள் எக்ஸ்பான்ஷன் வெசல் என்ற தகரக் குடுவை இருக்கிறது. அதன் நடுவே ஒரு றப்பர் சவ்வு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. சைக்கிள் ரியூப்பில் காற்று இறங்குவது போல அதிலும் காலப்போக்கில் இறங்கும், அல்லது சவ்வே கிழியும். பிறகு பெருகிய தண்ணீருக்கு இடமில்லை. 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து, மிஞ்சிய தண்ணீரைச் சுவருக்கு வெளியே தள்ளிவிடும். ஒருமுறை திறந்த வால்வில் சிறு தூசி அகப்பட்டாற்கூடப் பிறகு சரியாக மூடாது, சொட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த வெளிக்குழாயைப் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. கடைப் பின்முற்றத்தில் குப்பைத் தொட்டிக்கும் காலிப் பெட்டிகளுக்கும் பின்னால், சுவரிலிருந்து நீட்டிக் கீழ்நோக்கி வளைந்த ஒரு சிறு செப்புக் குழாய் இருக்கும். அதன் வாயில் ஒரு பொலித்தீன் பையை இரவு தளர்வாகக் கட்டிவிட்டுக் காலையில் பாருங்கள். பைக்குள் தண்ணீர் நின்றால் கள்ளன் அகப்பட்டான். பார்த்ததும் பையைக் கழற்றிவிடவேண்டும், அந்த வாய் அடைபடவே கூடாது.

சூடாயிருந்தாலும் ஆறியிருந்தாலும் முள் ஒரே சீராக இறங்குகிறது, பையும் காய்ந்திருக்கிறது என்றால் வீட்டுக்குள் தேடவேண்டும். ஒவ்வொரு றேடியேற்றரின் இரு வால்வையும் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டால் துடைத்துப் பாருங்கள். பொருத்துகளில் பச்சைக் களிம்போ வெள்ளைப் பொருக்கோ தெரிந்தால் அங்கே தண்ணீர் வந்து காய்ந்திருக்கிறது. மெல்லிய கசிவு சூட்டில் உடனே காய்ந்துவிடும் என்பதால் ஈரத்தைத் தேடாமல் கறையைத் தேடவேண்டும். கடையின் மேல் குடியிருப்பவர்கள் கீழே சீலிங்கையும் சுவரோரச் சரக்கையும் பார்ப்பது அவசியம். நாம் அதைத்தான் செய்யத் தவறினோம்.

எங்கும் தெரியவில்லை என்றால் ஒரு சோதனை உண்டு. பொயிலரை அணைத்து நன்றாக ஆறவிட்டு, அடியில் ஹீற்றிங் போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் உள்ள இரண்டு வால்வுகளையும் இரவு மூடிவையுங்கள். அளவுமுள் பொயிலரோடுதான் இருக்கிறது. ஆகவே காலையில் அது விழுந்திருந்தால் குற்றம் பொயிலருக்குள். விழாமல் நின்று, வால்வைத் திறந்தவுடன் சட்டென்று இறங்கினால் கசிவு குழாயிலோ றேடியேற்றரிலோ. பழைய வால்வுகள் இறுகிப் போயிருந்தால் பலவந்தம் செய்யாதீர்கள், அதுவே புதுக் கசிவாகிவிடும். எமது வீட்டில் இந்தச் சோதனையைப் பிளம்பர் ஒரே இரவில் செய்து காட்டினார். மூன்று மாதம் நாம் தண்ணீர் ஊற்றிய வேலைக்கு விடை அந்த ஒரு இரவில் கிடைத்தது.

றேடியேற்றரில் காற்றுப் பிடுங்கியபின் முள் இறங்குவது இயல்பு. ஒருமுறை நிரப்பினாற் போதும். மாறாக, தண்ணீர் விடாமலே முள் ஏறிக்கொண்டு போனால், தண்ணீர் நிரப்பும் வெள்ளிப் பின்னல் குழாயின் வால்வு முழுவதும் மூடவில்லை என்று முதலிற் சந்தேகியுங்கள். கழற்றக்கூடிய குழாயானால் நிரப்பியதும் கழற்றி வைப்பதே முறை.

இவ்வளவும் நாம் பார்க்கலாம். பொயிலரின் மூடியைத் திறப்பது நமது வேலையல்ல. வெசலுக்குக் காற்றடிப்பது சைக்கிளுக்கு அடிப்பது போலத் தோன்றினாலும், தண்ணீர்ப் பக்க அமுக்கத்தை முழுவதும் இறக்கிய பின்பே அளந்து அடிக்கவேண்டும். அதற்குக் காஸ் சேஃப் பதிவுள்ளவரை அழையுங்கள். நம்மவர் பலர் இன்னும் ‘கோர்கி ஆள்’ என்கிறார்கள். 2009 சித்திரை முதலாம் திகதியோடு அந்தப் பதிவு போய்க் காஸ் சேஃப் வந்துவிட்டது. வருபவரிடம் அட்டை இருக்கும், அதன் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும். கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். மேல்மாடியை வாடகைக்கு விட்டவர்களுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை காஸ் பரிசோதனை சட்டப்படி கட்டாயம். பத்திரத்தை 2 வருடம் வைத்திருக்கவேண்டும், பிரதியைச் சோதனை நடந்து 28 நாட்களுக்குள் குடியிருப்பவருக்குக் கொடுக்கவேண்டும். காஸ் மணம் வந்தால் 0800 111 999.

ஹரோவில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு, பொயிலரையே மாற்றவேண்டும் என்று வந்தவர் சொல்லிவிட்டார். நண்பர் முற்பணம் கொடுக்க இருந்தார். எந்தப் பாகம் பழுது என்று எழுதித் தரக் கேளுங்கள் என்றோம். எழுதித் தரவில்லை. வேறொருவர் வந்து வெசலுக்குக் காற்றடித்து, பாதுகாப்பு வால்வை மாற்றினார். பொயிலர் அதன் பிறகு நான்கு குளிர்காலம் ஓடியது. எல்லாப் பழுதும் இப்படி மலிவாக முடியும் என்று சொல்லவரவில்லை. உள்ளே சூடேற்றும் பாகம் வெடித்துக் கசிந்தால், பழைய பொயிலரில் அதை மாற்றுவதற்குப் புதியதே மேல். ஆனால் அதை எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கொடுக்கலாம்.

எமது பொயிலர் அருகில் இப்போது ஒரு பழைய பில் புத்தகம் தொங்குகிறது. தண்ணீர் விடும் ஒவ்வொரு தடவையும் திகதியும், முள் நின்ற இடமும், சூடா ஆறியதா என்பதும் பென்சிலால் எழுதுகிறோம். ஒரு மாதத்தில் இரண்டாவது வரி விழுந்தால் பிளம்பருக்குத் தொலைபேசி எடுத்து அந்த இரண்டு வரியையும் வாசித்துக் காட்டுகிறோம். அரிசி மூடைகளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளியே அடுக்குகிறோம்.