பிரைட்டன் அரண்மனையில் இந்தியச் சிப்பாய்கள்
புகைப்பட அஞ்சலட்டையும் கடிதப் பகுதிகளும், 1915

பிரான்சுப் போர்முனையில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்காக, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரிலுள்ள ராயல் பெவிலியன் அரண்மனை 1914 டிசம்பரில் மருத்துவமனையாக மாறியது. குவிமாடத்தின் கீழ் வரிசை வரிசையாகக் கட்டில்கள், தலைப்பாகையுடன் நோயாளிகள். அரசின் பரிவைப் பறைசாற்ற இப்படங்கள் அஞ்சலட்டைகளாயின.

கடிதங்களின் கதை வேறு.

ஒவ்வொரு கடிதத்தையும் தணிக்கையாளர் படிப்பார் என்பது சிப்பாய்களுக்குத் தெரியும். அதனால் சிலர் இந்தியப் படையினரை மிளகு என்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகாய் என்றும் எழுதினார்கள். மிளகு தீர்ந்துவருகிறது என்றால் ஊரில் புரிந்துகொள்வார்கள். தணிக்கையாளருக்கும் புரிந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை!

எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல, தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். தணிக்கை அலுவலகம் ஆங்கிலத்தில் பெயர்த்த பகுதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.