வாஷிங்டன் மெட்ரோ: வெறும் கான்கிரீட்டைப் படம் எடுப்பது எப்படி?

புரூட்டலிசம்னு கேட்டதும் ஏதோ கொடூரமான விஷயம்னு தோணும். ஆனா பேரு வந்தது பிரெஞ்சுல இருந்து. 'பேத்தோன் ப்ரூ'ன்னா பூச்சு பூசாத வெறும் கான்கிரீட். பலகை அடிச்சு ஊத்தினது எப்படி இறுகுச்சோ, அப்படியே விட்டுடறது.

இதை மண்ணுக்கு அடியில பாக்கணும்னா வாஷிங்டன் டி.சி. மெட்ரோதான். முதல் தடம் 1976ல திறந்தது. வடிவமைச்சவர் சிகாகோவைச் சேர்ந்த ஹாரி வீஸ். 600 அடி நீள பிளாட்பாரம், நடுவுல தூணே இல்லாம தலைக்கு மேல ஒரே வளைவு, அதுல கட்டம் கட்டமா குழிகள். முதல் தடவை எஸ்கலேட்டர்ல இறங்கறவங்க அண்ணாந்து பாக்காம போறது கஷ்டம்!

எல்லாரும் வைட் லென்ஸைப் போட்டு அந்தக் கூரையை எடுப்பாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா படம் சாம்பல் கலர்ல சப்புன்னு இருக்கும். ஏன்னா நாம பாத்து அசந்தது கான்கிரீட்டை மட்டும் இல்ல, அதுமேல விழுந்த வெளிச்சத்தையும். கூரையில விளக்கே கிடையாது. வில்லியம் லாம்ங்கிற ஒளி வடிவமைப்பாளர் விளக்குகளைக் கீழே மறைச்சு வச்சார்: தண்டவாளங்களுக்கு நடுவுல, ஓரத்துக் குட்டைச் சுவருக்குப் பின்னால. வெளிச்சம் கீழ இருந்து ஏறி, வளைவுல பட்டுத் திரும்பித்தான் நம்ம மேல விழுது. அதனால ஒவ்வொரு குழியிலும் மேல் விளிம்பு பளிச்சுன்னு இருக்கும், கீழ் விளிம்பு இருட்டா இருக்கும். அந்த வித்தியாசம்தான் உங்க படம்.

அதனால ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நேரா அடிக்கிற வெளிச்சம் நிழலைக் கொன்னுடும், ரயில் ஓட்டறவர் கண்ணையும் கூசவைக்கும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைச்சு, ரா ஃபைலா எடுங்க. கையில பிடிச்சு தனியா எடுக்க அனுமதி தேவையில்லை, ட்ரைபாட் வச்சா வேணும். குறுக்கே பாலம் மாதிரி ஒரு மேல்தளம் இருக்கும், பக்கச் சுவரைத் தொடாம நிக்கும். அதோட கைப்பிடிச் சுவர்ல முழங்கையை ஊன்றி, ஷட்டரை எட்டுல ஒரு செகண்டுக்கு இறக்குங்க. ரயில் கோடா ஓடும், கூரை அசையாம நிக்கும்.

இப்போ வில்லங்கமான விஷயம். ஸ்டேஷன் இருட்டா இருக்குன்னு பயணிகள் ரொம்ப வருஷமா புகார் சொல்லிட்டு இருந்தாங்க. நியாயமான புகார்தான், கண் பார்வை குறைஞ்சவங்களுக்கு அது ஆபத்து. 2017ல யூனியன் ஸ்டேஷன் வளைவுக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சாங்க. 2014ல இதே மெட்ரோ வடிவமைப்புக்கு அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் சங்கம் விருது கொடுத்திருந்தது. அதோட உள்ளூர் கிளை இந்தப் பெயிண்டைக் கண்டிச்சுது. என் கட்சியும் அதுதான். பல வருஷத் தூசியைக் கழுவலாம், விளக்கை மாத்தலாம். துளை துளையா இருக்கிற கான்கிரீட்டுக்குள்ள இறங்கின பெயிண்டைத் திரும்ப உரிச்சு எடுக்கறது லேசு இல்ல.

போறவங்க யூனியன் ஸ்டேஷன்ல ஒரு படம், பெயிண்ட் படாத ஸ்டேஷன்ல ஒரு படம், ரெண்டையும் ஒரே செட்டிங்ல எடுங்க. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, எந்தப் பக்கம் நிக்கறீங்கன்னு எங்களுக்கு அனுப்புங்க.