தூசு தட்டுவதும் ஒரு கலைதான்!

"சித்திரம் படிச்ச பொண்ணு... கலை மையத்துல பயிற்சின்னு போனா, பிரஷ்ஷைக் கையில கொடுத்து தூசு தட்டச் சொல்றாங்களாம்! இதுக்கா இவ்வளவு செலவு பண்ணினோம்?" என்று அங்கலாய்க்கும் தாய்மார்கள் உண்டு. அந்தப் பிரஷ்ஷைப் பிடிக்கத் தெரிவதுதான் முதல் பாடம் அம்மா!

சென்னைக்குத் தெற்கே, முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்டது தட்சிணசித்ரா. தென்னாட்டின் பழைய வீடுகள் பலவற்றைப் பிரித்து எடுத்து வந்து, இங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். சுற்றிப் பார்க்கிற நம் கண்ணில் தூணும் திண்ணையும்தான் படும். கடற்காற்றின் உப்பு, மழைக்கால ஈரம், கரையான் இவை மரத்தையும் உலோகத்தையும் விட்டு வைக்குமா? இவற்றோடு தினமும் மல்லுக்கு நின்றால்தான் இப்படிப்பட்ட இடங்கள் நிலைக்கும்.

பயிற்சிப் பெண்கள் பழகுவது இந்தப் பராமரிப்பைத்தான். பொருள்களைப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசு எடுக்க வேண்டும். தூணடியில் உளுத்த மாவு கொட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அதையும் அளந்து குறிக்க வேண்டும். துணி, காகிதத்தின் மேல் 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் விழ விடுவார்கள். வெளுத்த சாயம் திரும்ப வராதே!

அழுக்கை விடப் பொல்லாதது அவசரச் சுத்தம். பளபளக்கட்டும் என்று பழைய வெண்கலச் சிலையைப் புளி போட்டுத் தேய்த்தால், வெகுகாலமாக அதைக் காத்து வந்த மேற்படிவு போய்விடும். நுட்பமான வேலைப்பாடும் மழுங்கும். தஞ்சாவூர் ஓவியத்தை ஈரத்துணியால் துடைத்தால், அடியிலிருக்கும் சுண்ணப் பூச்சு இளகி, தங்க ரேக்கும் கல்லும் பெயர்ந்து வரும். ஒரு நிமிஷ அலட்சியம், ஒரு தலைமுறையின் உழைப்பு பாழ்!

நம் வீட்டிலும் இதே கதைதானே? பாட்டியின் பட்டுப் புடவையைப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை ஒடியும். அந்துருண்டை புடவை மேல் படக் கூடாது. கல்யாணப் போட்டோவை வெயில் விழாத சுவரில், ஓதம் ஏறாதபடி பின்னால் தக்கைத் துண்டு ஒட்டி மாட்டுங்கள்.

பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்புமுன் சிலவற்றை விசாரியுங்கள். கையுறையும் முகமூடியும் தருவார்களா? பக்கத்தில் நின்று சொல்லித் தர ஆள் உண்டா? பூச்சி மருந்து அடிக்கிற வேலை மட்டும் அவளுக்கு வேண்டாம். அதற்கென்று பழகியவர்கள் செய்யட்டும். ஆஸ்துமா, தும்மல் தொல்லை இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

மற்றபடி தூசு படிந்த துப்பட்டாவோடு அவள் வீடு திரும்பினால் முகம் சுளிக்காதீர்கள். யாரோ வரைந்ததை, யாரோ செதுக்கியதை, இனி பிறக்கப் போகிற குழந்தைகளுக்காக அவள் பத்திரப்படுத்துகிறாள்.