ஒரே ஆராதனையில் மூன்று சங்கீதம்

மலையகத் தோட்டத் தேவாலயங்களில் ஞாயிற்றுக்கிழமை இசைக்கருவி வாசிக்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. நுவரெலியா, ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை பக்கங்களில் பாடசாலை ஆசிரியர் கீபோர்ட் வாசிப்பார், கொழும்புக் கடையில் வேலை செய்துவிட்டு லீவில் வந்த இளைஞன் கிட்டாரை எடுப்பான், கிழமை முழுக்கத் தோட்டத்தில் நின்றவர் டோலக்கோடு உட்காருவார். பெரும்பாலோர் கேள்வி ஞானத்தால் கற்றவர்கள். இவர்களுக்குள் வரும் மனஸ்தாபத்தைச் சபையார் 'பழைய பாட்டா, புதுப் பாட்டா' என்ற ஒரே கேள்வியில் அடக்கிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். இலக்கணத்தில் ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று சங்கீதங்களை இந்தச் சிறு குழு ஒரே ஆராதனைக்குள் வாசித்து முடிக்க வேண்டியிருக்கிறது. சண்டையின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதலாவது, ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு. ஜெர்மன், ஆங்கிலக் கீதங்களைத் தமிழாக்கிய மிஷனரிமார் மெட்டையும் அப்படியே கொண்டுவந்தார்கள். நான்கு குரல்களுக்கென்று எழுதப்பட்ட இந்தப் பாடல்கள் கோர்ட்ஸ் மாறுவதைப் பின்பற்றி நடப்பவை. இரண்டாவது, இராகமும் தாளமும் கொண்ட கீர்த்தனை. இந்த மரபில் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பெரிய பெயர். 1850களில் காப்பித் தோட்டங்களில் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியபோது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உபதேசிமார் வந்தார்கள். அந்த ஊர்ச் சபைகளில் பாடிப் பழகிய பாட்டுகளும் அவர்களோடு மலையேறியிருக்கும். மூன்றாவது, பெந்தெகொஸ்தே சபைகளிலிருந்து பரவிய புதுத் துதிப்பாடல். கத்தோலிக்கக் குருவாக இருந்து பின்னர் பெந்தெகொஸ்தே ஊழியத்துக்குச் சென்ற பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் போன்ற தொகுப்புகள் கேசட்டில் வந்து, சபைப் பிரிவுகளின் வேலிகளைத் தாண்டின. சினிமாப் பாட்டுக்குப் பழகிய காதுக்கு இவை அந்நியமில்லை.

வாத்தியச் சண்டை மலையகத்தில் பிறந்ததல்ல. 1820களின் கடைசியில், புதிதாக வந்த மிஷனரிமார் தேவாலயத்தில் தமிழ்ப் பாட்டைத் தடுக்கிறார்கள் என்று வேதநாயகம் சாஸ்திரியார் எழுதி எதிர்த்தார். அதே எதிர்ப்பில் சாதி வேறுபாட்டையும் காப்பாற்ற நின்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாட்டுச் சண்டை தனியாக வருவது அபூர்வம். இங்கிலாந்திலும் கிராமத் தேவாலயங்களின் மேல்மாடத்தில் வயலின், செல்லோ, கிளாரினெட் வாசித்த ஊர்க்காரர் குழுக்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, அந்த இடத்துக்கு ஆர்மோனியமும் ஆர்கனும் வந்தன. அப்படி ஒரு குழுவில் வாசித்த குடும்பத்தில் பிறந்த தாமஸ் ஹார்டி 1872இல் வெளியிட்ட 'அண்டர் த கிரீன்வுட் ட்ரீ' நாவலின் கரு அதுதான். நுவரெலியாவின் ஹோலி டிரினிட்டி தேவாலயம் 1852ஆம் ஆண்டையும், டிக்கோயாவின் வார்லி தேவாலயம் 1878ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. ஆக, துரைமார் இந்த மலையில் தேவாலயம் கட்டிய காலம், அவர்களுடைய சொந்த ஊர்களில் கிராமத்து வாத்தியக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அதே காலம். 'தேவாலயம் என்றால் ஆர்கன்' என்ற எண்ணம் நினைப்பதுபோல அவ்வளவு பழையதல்ல.

இனி வாசிப்புக்கு வரலாம். கிட்டார்காரருக்கும் கீர்த்தனை பாடும் மூத்தவருக்கும் முட்டிக்கொள்ளும் இடத்தை ஓர் உதாரணத்தில் காட்டலாம். மாயாமாளவகௌளையில் ஒரு கீர்த்தனை. 'சி'யைச் சட்ஜமாக வைத்தால் அதன் ரிஷபம் 'டி ஃப்ளாட்'. கிட்டார்காரர் 'சி'யில் தொடங்கி, கை போன பழக்கத்தில் 'ஜி' கோர்ட்டுக்குப் போவார். 'ஜி' மேஜருக்குள் சுத்தமான 'டி' இருக்கிறது. பாடுகிறவர் தொண்டையில் 'டி ஃப்ளாட்', கிட்டாரில் 'டி'. இரண்டும் அரைச் சுர இடைவெளியில் உரசும். பாடுகிறவர் 'கிட்டார் பிழை' என்பார், கிட்டார்காரர் 'பாட்டு பிழை' என்பார். இரண்டும் பிழையில்லை. அந்த மெட்டு மேற்கத்திய கோர்ட்ஸை எதிர்பார்த்துக் கட்டப்பட்டதல்ல, அவ்வளவுதான். விஷயம் தெரிந்த கிட்டார்காரர் அந்த இடத்தில் கோர்ட்டை விட்டுவிட்டு, 'சி'யையும் 'ஜி'யையும் மட்டும் சேர்த்து மீட்டித் தம்பூரா மாதிரிப் பிடித்துக்கொள்வார். சங்கராபரணத்தில் அமைந்த பாடல்களில் இந்தச் சங்கடம் கிடையாது. அதன் சுரங்கள் மேஜர் ஸ்கேலின் சுரங்களே. இளைஞர்கள் பழைய கீர்த்தனைகளில் இந்த வகையையே விரும்பி எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தாளத்திலும் இதே கதை. கீபோர்ட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வரும் தயாரான தாளங்கள் பெரும்பாலும் நாலு, மூன்று, ஆறு எண்ணிக்கையில் இருக்கும். ஏழு எண்ணிக்கையுள்ள மிஸ்ர சாபுக் கீர்த்தனைக்கு நாலு எண்ணிக்கைத் தாளத்தைப் போட்டால் இரண்டாவது வரியிலேயே பாட்டு ஒரு பக்கமும் மெஷின் ஒரு பக்கமும் போய்விடும். பிறகு நடப்பது இரண்டில் ஒன்று. டோலக்காரர் மெஷினை நிறுத்தச் சொல்வார், அல்லது பாட்டை எட்டு எண்ணிக்கைக்கு இழுத்துப் பாடிச் சபை அதற்கே பழகிப்போகும். இரண்டாவது வழியில் சண்டை வராது. ஆனால் மெட்டு போய்விடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் வாக்குவாதம் நடப்பது சுருதி பற்றி. பயிற்சி இல்லாத பெரும்பாலோருக்கு மேலே ஏறத்தாழ 'டி' வரைக்கும்தான் தொண்டை சுகமாக ஏறும். இசைத்தட்டில் பாடும் ஆண் பாடகர் அதைத் தாண்டிப் போவார், ஸ்டூடியோவில் அது எடுப்பாகவும் இருக்கும். குழு அதே ஸ்கேலில் வாசித்தால் சரணத்தில் சபை மௌனமாகிவிடும், பாட்டு மேடையில் இருப்பவர்களுடையதாகிவிடும். இறக்கி வாசிக்கலாம் என்றால், பழகிய கோர்ட்ஸ் மாறுகிறதே என்று கிட்டார்காரர் முகம் சுளிப்பார். இந்த இடத்தில் சபையின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஆராதனைப் பாட்டு வாசிக்கிறவரின் விரலுக்காக அல்ல, பாடுகிறவர்களின் தொண்டைக்காக இருக்கிறது.

இதில் கீபோர்ட்டின் டிரான்ஸ்போஸ் பொத்தான் தனிக் குழப்பம் செய்யும். எந்தப் பாட்டையும் 'சி'யிலேயே வாசிக்கப் பழகியவர் அந்தப் பொத்தானால் ஸ்கேலை மூன்று படி உயர்த்திவிட்டு, 'என்ன ஸ்கேல்?' என்று கேட்டால் 'சி' என்பார். அவர் விரல் இருப்பது 'சி'யில், காதுக்கு வருவது 'டி ஷார்ப்'. கிட்டார்காரர் சொன்னதை நம்பி 'சி' பிடித்ததும் முன்வரிசை திரும்பிப் பார்க்கும்.

மலையின் காலநிலைக்கும் இதில் பங்குண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காலைக் குளிரில் கிட்டாரின் உலோகக் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். ஈரக் காற்றில் டோலக்கின், தபேலாவின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். கீபோர்ட் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். சனிக்கிழமை பின்னேரம் ஒத்திகையில் சேர்ந்து ஒலித்த கருவிகள் ஞாயிறு காலை பிரிந்து நிற்பதற்கு யாருடைய கவனயீனமும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

சத்தம் இன்னொரு புகார். தகரக் கூரைச் சிற்றாலயத்தில் ஸ்பீக்கர்கள் சபையைப் பார்த்து இருக்கும். வாசிக்கிறவருக்குத் தன் கருவி கேட்காது, கொஞ்சம் கூட்டுவார். பக்கத்தில் இருப்பவருக்கு இப்போது தன்னுடையது கேட்காது, அவரும் கூட்டுவார். ட்ரம்ஸுக்கோ கூட்டக் குறைக்கப் பொத்தானே இல்லை. ஒரு மழை பெய்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும். இதைக் கர்வம் என்று திட்டுவதைவிட, வாசிக்கிறவர்களைப் பார்த்து ஒரு சிறிய ஸ்பீக்கரைத் திருப்பி வைப்பது பலன் தரும்.

தப்பு என்ற பறை பற்றிய வாக்குவாதம் வேறு வகை. தோட்டத்தில் தப்பு ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்கு அடித்தது, சாவுக்கு அடிப்பது, காமன் கூத்துக்கு அடிப்பது. அதைப் பீடத்தின் பக்கத்தில் வைக்கலாமா என்ற கேள்விக்குள் சங்கீதம் குறைவு. சாதியும், இந்துச் சடங்கோடு அதற்குள்ள தொடர்பும், 'நாங்கள் அந்த நிலையிலிருந்து வந்துவிட்டோம்' என்ற உணர்வுமே அதிகம். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை நேராக எடுத்தவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). 'பரட்டை அண்ணன்' என்று அறியப்பட்ட அவர், கீர்த்தனை மரபு மேல்சாதிச் சங்கீதத்தைச் சார்ந்தது, நாட்டுப்புற மெட்டோ பாடுகிற எவரும் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடியது என்று வாதிட்டு, வழிபாட்டு முறையையே நாட்டுப்புற இசையில் அமைத்தார். இன அடையாளம் தேடும் மலையக இளைஞர்களுக்கு இந்த வாதம் பிடிக்கும். தப்புச் சத்தத்தை அடிமைக் காலத்தோடு சேர்த்தே கேட்ட முதியவர்களுக்கு அவ்வளவு எளிதில் பிடிக்காது. இரு தரப்பும் ஒரே அனுபவத்திலிருந்துதான் பேசுகின்றன.

கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்கெல்லாம் எழுதிய சட்டம் உண்டு. பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் (பயஸ்) 1903இல் வெளியிட்ட ஆணை பியானோவையும் ட்ரம், சிம்பல் போன்ற சத்தக் கருவிகளையும் ஆலயத்தில் தடைசெய்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாடு பற்றி வெளியிட்ட ஏடு குழாய் ஆர்கனை உயர்வாக வைத்தாலும், வழிபாட்டுக்குப் பொருந்தும் மற்றக் கருவிகளையும் அதிகாரிகளின் இசைவோடு சேர்க்கலாம் என்றது. தவக்காலத்தில், ஒருசில நாட்கள் நீங்கலாக, கருவிகள் பாட்டைத் தாங்குவதற்கு மட்டுமே. தனி வாசிப்புக்கு இடமில்லை. சண்டை முற்றினால் பங்குத்தந்தை சட்டத்தைக் காட்டலாம். சுயாதீன சபையில் பாஸ்டரின் சொல்லே சட்டம். அங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளில் குருவானவரும் சபைக் குழுவும் பேசித் தீர்க்க வேண்டும். குருவானவர் மாற்றலாகிப் போனால் தீர்த்த பிரச்சினையும் திரும்பி வரும்.

சம்பளமில்லாத குழுவில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பல இடங்களில் கீபோர்ட் சபைக்குச் சொந்தமில்லை, வாசிப்பவருக்குச் சொந்தம். அவர் கோபித்தால் கருவியும் வீட்டுக்குப் போகும். நத்தாருக்குக் கொழும்பிலிருந்து வரும் இளைஞர்கள் அங்கே கேட்ட பாணியோடு வந்து இடம் கேட்பார்கள். வருடம் முழுக்க மழையில் நடந்து வந்து வாசித்தவருக்கு அது உறுத்தும். சுமுகமாக ஓடும் குழுக்களில் சில நடைமுறைகள் பொதுவாக இருக்கின்றன. பாட்டுகளை ஆராதனை நடத்துபவர் வெள்ளிக்கிழமைக்குள் முடிவுசெய்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் காதுக்குக் கேட்கும் ஸ்கேலை எழுதிக் கொடுத்துவிடுவார். கீர்த்தனைக்கு டோலக்காரர் தாளத்தைப் பிடிப்பார், கீபோர்ட்டின் தாளம் நிற்கும். புதுப் பாட்டுக்கு ட்ரம்ஸ் முன்னே வரும், டோலக் ஓய்ந்திருக்கும். லீவில் வருகிறவர்கள் கெரோல் சுற்றிலும் இளைஞர் ஆராதனையிலும் வாசிப்பார்கள். வழக்கமான ஞாயிறு ஆராதனை வழக்கமானவர்களிடமே இருக்கும்.